தாளிக்கும்போது இருமல் வந்தாலே பயமாக இருக்கிறது! – வாசகியர் கேள்வி பதில்

மூன்று இதழ்களுக்கு முன்னால் இடுப்புவலி பற்றி எழுதியபோது, பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவதைப் பற்றியும் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இடுப்புவலிக்கு வந்த கடிதங்களைவிட அந்த நாலு வரிக்கு வந்தவைதான் அதிகம். பாதிக்கு மேல் பெயர் இல்லை, சிலவற்றில் ஊர்கூட இல்லை. ஒன்றில் கவருக்குள்ளே இன்னொரு கவர் போட்டு ஒட்டியிருந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்புறம் ஒன்று, நிறையப் பேர் என்னை 'டாக்டர்' என்று அழைத்திருக்கிறீர்கள். நான் பிஸியோதெரபிஸ்ட். மாத்திரை, ஆபரேஷன் இதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. தசை என் வேலை.

எனக்கு 36 வயது. இரண்டுமே சுகப்பிரசவம். சின்னவனுக்கு ஐந்து வயதாகிறது. தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறி இருமினால் நாலைந்து சொட்டு வந்துவிடுகிறது. தும்மினாலும் அப்படித்தான், சிலிண்டரை நகர்த்தினாலும் அப்படித்தான், ஸ்கூட்டி வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் அப்படித்தான். கறுப்பு உள்பாவாடை தவிர வேறு கட்டுவதே இல்லை. 'பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்கிறார் மாமியார். சகஜம்தானா?

நிறையப் பேருக்கு இருக்கிறது என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. அவருக்கும் இருந்திருக்கலாம், யாரும் எதுவும் சொல்லித்தராமல் அவரும் பொறுத்துக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. உங்களுக்கு இருக்கும் இந்த வகைக் கசிவுதான் பயிற்சிக்கு நன்றாகக் கட்டுப்படுவது.

வீட்டில் குழந்தைக்குத் தூளி கட்டியிருப்பீர்கள் இல்லையா? அதே மாதிரி இடுப்பெலும்புக்குள் ஒரு தூளி இருக்கிறது. முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கை வைத்தால் தட்டுப்படுகிற எலும்பில் ஒரு முனை, பின்னால் வால் எலும்பில் ஒரு முனை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி எல்லாவற்றையும் கீழே தள்ளும். அந்த நொடியிலேயே இந்தத் தசை சுருங்கி மேலே ஏறி, சிறுநீர்க்குழாயை நெரித்து மூடிவிட வேண்டும். பிரசவத்தில் குழந்தையின் தலை இந்தத் தசையை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதற்குப் பிறகு அது தளர்ந்துவிடுகிறது, அல்லது சுருங்க வேண்டிய நேரத்தில் ஒரு கணம் பிந்திவிடுகிறது. அந்த ஒரு கணத்தில்தான் உங்களுக்குச் சொட்டுகிறது. துணித்தூளி தளர்ந்தால் தளர்ந்ததுதான். இது தசை, வேலை கொடுத்தால் பலம் ஏறும்.

செய்யும் விதம் இது. முதலில் படுத்துக்கொண்டு முழங்காலை மடித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியப் போகிறது, அடக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆசனவாயை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம், சிறுநீர் வரும் இடம் வரைக்கும் கொண்டுவந்து, மொத்தமாக உள்ளே, மேலே இழுங்கள். தொடை, புட்டம் எதுவும் அசையக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சு தானாக ஓடும். ஆரம்பத்தில் மூன்று எண்ணும் வரை பிடித்தால் போதும், போகப்போக எட்டு, பத்து வரை ஏற்றலாம். பிடித்த நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் முழுசாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு பிடி, ஒரு நாளைக்கு மூன்று தடவை. குறைந்தது மூன்று மாதம், அதுவும் தெரிந்தவர் ஒருவர் மேற்பார்வையில். இந்தக் கணக்கு நான் போட்டது இல்லை, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் 'நைஸ்' அமைப்பு முதல் சிகிச்சையாகச் சொல்வதே இதைத்தான். படுத்துச் செய்வது பழகிய பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டு செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் தாளிப்பது நின்றுகொண்டுதானே.

பலன் இருக்குமா என்றால், உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. உங்களைப் போல அழுத்தத்தால் கசிகிற பெண்களில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் 'எனக்குச் சரியாகிவிட்டது' என்றார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 6 பேர். முழுசாகச் சரியாகாதவர்களில் பலருக்கும் கசிவு குறைந்திருந்தது.

மூன்று மாதம் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடுகு வெடித்து முடிகிறது, அடுத்து மிளகாய் போடப் போகிறீர்கள். போடுவதற்கு முன்னாலேயே ஒரு பிடி பிடித்துக்கொள்ளுங்கள், நெடி ஏறி இருமி முடிக்கும் வரை விடாதீர்கள். மூக்கு அரித்தால் தும்மலுக்கு முன் ஒரு பிடி. சிலிண்டரில் கை வைக்கும் முன் ஒரு பிடி, மாவுப் பாத்திரத்தைத் தூக்கும் முன் ஒரு பிடி. அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-ல் வயதான பெண்களுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து ஒரே வாரத்தில் கசிவு குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். சில மாதங்களில் நினைக்காமலே அந்தப் பிடி விழ ஆரம்பிக்கும்.

யூடியூப் பார்த்து ஆறு மாதமாகக் கெகல் பயிற்சி செய்கிறேன். தினமும் 200 தடவை. கசிவு குறையவே இல்லை, போதாக்குறைக்கு இப்போது அடியில் வலிக்கிறது, கணவரோடு இருப்பதும் வலிக்கிறது. விட்டுவிடட்டுமா?

விட்டுவிடுங்கள், இன்றைக்கே. ஒருவர் பரிசோதித்துச் சொல்லும் வரை செய்ய வேண்டாம்.

ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-ல், நான் மேலே சொன்ன இதே தசைப் பயிற்சி பற்றி எழுதினார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் அவர் வெறுமனே 'இறுக்குங்கள்' என்று சொல்லி அனுப்பவில்லை. விரலால் பரிசோதித்து, பெண்ணுறுப்புக்குள் வைத்து அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு கருவியையும் செய்து, சரியாகச் செய்கிறார்களா என்று அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி கற்றுக்கொடுத்தார். நம்மிடம் வந்து சேர்ந்தபோது 'இறுக்கு' மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 1991-ல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிச் செய்யச் சொன்னார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். கால்வாசிப் பேர் செய்தது கசிவை அதிகமாக்கக்கூடிய முறை, அதாவது மேலே இழுப்பதற்குப் பதிலாக மலம் கழிக்க முக்குவது போலக் கீழே தள்ளியிருக்கிறார்கள்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் கசிந்தது. பிஸியோதெரபி படித்தவள், தசையின் பெயரெல்லாம் மனப்பாடம், ஆகவே நானாகவே நாலு மாதம் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கூடப் படித்த தோழி கையால் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, 'நீ வயித்தை இறுக்கி மூச்சைப் பிடிக்கிறேடி, கீழே ஒண்ணுமே நடக்கலை' என்றாள். அன்றைக்குத்தான் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று எனக்கே புரிந்தது. அதிலிருந்து யாரையும் கையால் பார்க்காமல் நான் பயிற்சி கொடுப்பதில்லை.

உங்கள் விஷயம் இன்னும் வேறாக இருக்கலாம். சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் முறுக்கேறியே இருக்கும். பகல் முழுக்க முஷ்டியை மடக்கி வைத்திருந்த கைக்கு, தேவைப்படும்போது இன்னும் மடக்கச் சக்தி இருக்காது பாருங்கள், அது போல. வலி, உறவின்போது எரிச்சல், மலச்சிக்கல், சிறுநீர் விட்டுவிட்டு வருவது இதெல்லாம் அதற்கான அடையாளங்கள். இவர்களுக்கு முதல் பாடமே தளர்த்துவதுதான். வயிறு உப்பும்படி ஆழமாக மூச்சை இழுத்து, அடிப்பகுதி மெல்ல இறங்குவதை உணரப் பழக வேண்டும். பலப்படுத்துவதெல்லாம் அதற்குப் பிறகு. இதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை செய்து பார்த்தால் பரவாயில்லை. தினசரிப் பயிற்சியாகச் செய்தால் சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தங்கிவிடலாம், தொற்றும் வரலாம்.

பிஸியோதெரபிக்குப் போனால் என்னதான் செய்வார்கள்? உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்கள் என்று சொல்கிறார்கள். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. ஆண் இருந்தால் என்ன செய்வது?

கூச்சம் எல்லாருக்கும் உண்டு. என் முன்னால் உட்கார்ந்து 'முழங்கால் வலி' என்று ஆரம்பித்து, எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று 'இன்னொண்ணு' என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது கசிகிறது, எத்தனை பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்தார்களா, தையல் எத்தனை, மலச்சிக்கல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இப்படி. அதன் பிறகு தனியறையில், மேலே துணி போர்த்தி, நீங்கள் சரி என்று சொன்னால் மட்டும், கையுறை போட்ட ஒரு விரலால் தசை எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்போம். டாக்டர்கள் பயன்படுத்துகிற உலோகக் கருவி எதுவும் கிடையாது. இரண்டு மூன்று நிமிட வேலை. வேண்டாம் என்றால் வேண்டாம், பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். கல்யாணமாகாத பெண்களுக்கும் விருப்பமில்லாதவர்களுக்கும் அடிவயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துத் தசை ஏறுவதைத் திரையில் காட்டலாம். அதுவும் இல்லாத இடத்தில், நாற்காலியில் ஒரு துண்டை உருட்டிப் போட்டு அதன் மேல் கால் விரித்து உட்காரச் சொல்வேன். சரியாக இழுத்தால் அடிப்பகுதி துண்டிலிருந்து எழும்புவது போலத் தெரியும், முக்கினால் துண்டின் மேல் அழுந்தும். வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.

பெண் பிஸியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கூட அம்மாவையோ அக்காவையோ வைத்துக்கொள்வதும்தான். இதில் தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. இந்தத் தூளித் தசைக்கு ஆங்கிலத்தில் பெல்விக் ஃப்ளோர் என்று பெயர். ஆகவே உங்கள் மகப்பேறு டாக்டரிடம் 'பெல்விக் ஃப்ளோர் பிஸியோ யாராவது இருக்கிறார்களா' என்று நேராகக் கேளுங்கள். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால், அடுத்தடுத்த தடவைகளை மாதம் ஒரு முறையாகவோ வீடியோ அழைப்பிலோ வைத்துக்கொள்ளலாம், வாராவாரம் பஸ் ஏற வேண்டியதில்லை.

கரண்ட் வைக்கும் மெஷின் பற்றி நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். தசையைச் சுருக்கவே தெரியாதவர்களுக்கு ஆரம்பத்தில் அது உதவலாம். ஆனால் நார்வேயில் 1999-ல் பயிற்சியையும், மின்தூண்டலையும், உள்ளே வைத்துப் பிடிக்கும் சிறு எடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பயிற்சிதான் முந்தியது. ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குவதற்கு முன் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பிஸியோவை நாலு தடவை பாருங்கள்.

எனக்கு 59 வயது, சர்க்கரை இருக்கிறது. இருமினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வெளியே போய்விட்டு வந்து வாசலில் சாவியைப் பூட்டில் போடும்போது அப்படி ஒரு அவசரம், பாத்ரூம் போவதற்குள் முழுசாகப் போய்விடுகிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் இதே கதை. இதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

இது வேறு வகை அம்மா. முதலாமவருக்கு வாசல் தளர்ந்திருக்கிறது. உங்களுக்குச் சிறுநீர்ப்பையே நிறைவதற்கு முன்னால் சுருங்கப் பார்க்கிறது. இரண்டும் கலந்து இருப்பவர்களும் உண்டு.

தண்ணீரைக் குறைத்தது தப்பு. சிறுநீர் கெட்டியாகி மஞ்சளாக இறங்கினால் பைக்கு எரிச்சல் கூடும், அவசரமும் கூடும், மலமும் இறுகும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், அது ஏறியிருந்தால் சிறுநீர் அதிகமாகத்தான் போகும், அப்போது எந்தப் பயிற்சியும் தனியாக நிற்காது. சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். ரமிப்ரில், எனாலாப்ரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், இருமினால் கசிகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நாளைக்குக் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், ஒரு பழைய அளவு டம்ளரில் பிடித்தால் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது. மணிக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரம் ஒன்றேகால் மணி நேரம், அடுத்து ஒன்றரை, இப்படிக் கால் மணி கால் மணியாகத் தள்ளி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு வாரமாவது ஆகும். நடுவில் அவசரம் வரும்போது ஓடக் கூடாது. ஓடினால் பை குலுங்கும், பயமும் சேர்ந்துகொள்ளும். வாசலிலேயே நில்லுங்கள், திண்ணை இருந்தால் அதன் விளிம்பில் உட்காருங்கள். அடித்தசையை டக் டக்கென்று ஐந்தாறு தடவை இறுக்குங்கள், மூச்சை விடுங்கள். அந்த அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். இறங்கிய பிறகு மெதுவாக நடந்து போங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மூன்று தடவை போகிற பழக்கத்தையும் விட வேண்டும், அது பையைக் கொஞ்சத்துக்கே துள்ளப் பழக்கிவிடுகிறது. இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் தருவார்.

என் மாமியாருக்கு 72 வயது. 'அடியில் ஏதோ உருண்டை மாதிரி இறங்குது, எப்பவும் ஈரமாவே இருக்கு' என்று இப்போதுதான் என்னிடம் சொன்னார். ஒரு வருடமாகக் கோயிலுக்கே போவதில்லை, 'இந்தத் துணியோட எப்படிப் போறது' என்கிறார். இந்த வயதில் பயிற்சியா?

அவர் உங்களிடம் சொன்னாரே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம், மகப்பேறு டாக்டர் பார்த்தால்தான் தெரியும். ஆரம்பநிலை என்றால் 72 வயதிலும் பயிற்சி கேட்கும், என்னிடம் 70-ஐத் தாண்டியவர்கள் வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். இறக்கம் அதிகம் என்றால் 'பெஸரி' என்று சிலிகான் வளையம் ஒன்று இருக்கிறது, உள்ளே வைத்தால் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும், சில மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்து பரிசோதிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல வழி. மாதவிலக்கு நின்ற பிறகு அந்த இடம் வறண்டு மெலிந்துவிடுவதால் சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பும் எழுதித்தருவார்கள். குடத்தை இடுப்பில் தூக்குவது, மலத்துக்கு முக்குவது இரண்டையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். நாள்பட்ட இருமல் இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள்.

கோயில் விஷயம் என் எல்லைக்கு வெளியே, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை பெற்ற உடம்பு தளர்ந்ததற்காக எந்தச் சாமியும் அவரை வாசலில் நிறுத்தாது. கசிவுக்கென்றே விற்கும் பேட் ஒன்றைக் கட்டிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களே அழைத்துப் போங்கள்.

சிசேரியன் செய்துகொண்டால் இந்தத் தொல்லை வராதாமே?

வாய்ப்பு ஓரளவு குறையும், வராது என்று இல்லை. பத்து மாதம் சுமந்த பாரமும் ஹார்மோன் மாற்றமும் சிசேரியன் ஆனவர்களுக்கும் உண்டு. இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்கக் கேட்காதீர்கள். கர்ப்பத்திலேயே பயிற்சியைத் தொடங்கினால் பிரசவத்துக்குப் பிறகு கசிவது குறைகிறது. எடை கூடியவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. 75 கிலோ இருப்பவருக்கு அது 6 கிலோ.

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் டாக்டரே எழுதிக்கொடுத்து, மருத்துவச்சியிடம் பத்து தடவை இந்தப் பயிற்சிக்குப் போனேன். ஒரு காசு செலவில்லை. புதுச்சேரியில் இருக்கும் என் தங்கைக்கு மூன்று பிரசவம், ஒருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஏன்?

உங்கள் கேள்வியை இரண்டு நாள் சுமந்துகொண்டிருந்தேன். பிரான்சில் பிரசவத்துக்குப் பிந்தைய இந்தப் பயிற்சிக்கு அரசுக் காப்பீடே பணம் கட்டுகிறது, கசிந்தாலும் கசியாவிட்டாலும் கேட்டு அனுப்புகிறார்கள். நம் ஊரில் பிரசவம் பார்ப்பதில் எவ்வளவோ முன்னேறிவிட்டோம். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார், தடுப்பூசித் தேதி சொல்கிறார், பால் கொடுக்கச் சொல்லித்தருகிறார். அவரே 'இருமினா ஒண்ணுக்கு வருதாம்மா?' என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அதற்கு மெஷின் வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம். அவருக்கு ஒரு நாள் பயிற்சியும், பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பி வைக்க ஒரு பிஸியோவும் வேண்டும். இதை நான் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். உங்கள் தங்கையிடம் மூன்று பிரசவம் முடிந்து எத்தனை வருஷமானாலும் இப்போது ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.

எப்போது பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது?

சிறுநீரில் ரத்தம் வந்தால். காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால். முட்டிக்கொண்டு நிற்கிறது, வர மாட்டேன் என்றால். கர்ப்பப்பை ஆபரேஷன் அல்லது கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகு இரவும் பகலும் இடைவிடாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால், எங்காவது ஓட்டை விழுந்திருக்கலாம். முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போய், காலும் பலமிழந்து, சிறுநீர் தெரியாமலே போனால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

மாதவிலக்கு நாப்கினையே இதற்கும் வைத்துக்கொள்கிறேன். தொடை இடுக்கெல்லாம் புண்.

அந்த நாப்கின் ரத்தத்துக்குச் செய்தது, சிறுநீரை அவ்வளவு வேகமாக உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நிற்கும். மருந்துக் கடையில் சிறுநீர்க் கசிவுக்கான பேட் என்று கேளுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய பருத்திப் புடவைத் துணியை நாலாக மடித்து, நனைந்தவுடன் மாற்றி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒரு வாரத்தில் புண் ஆறவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.